நெல்லுக்கு ஒட்டுண்ணி அட்டை: மூன்று சம்பா கட்டிப் பார்த்த அனுபவமும், கட்சிகளின் பசுமை வாக்குறுதிகளும்

தேர்தல் அறிக்கை எந்தக் கட்சியுடையதாக இருந்தாலும் நான் முதலில் திறப்பது வேளாண்மைப் பக்கத்தைத்தான். நஞ்சில்லா உணவு, இயற்கை வேளாண்மைக்கு ஊக்கம், மண்வளம், மரபு விதை என்று இப்போது எல்லாரும் எழுதுகிறார்கள். நல்ல விஷயம்தான், இருபது வருடத்துக்கு முன்னால் இதையெல்லாம் சொன்னால் ஊரில் பைத்தியக்காரன் என்பார்கள். ஆனால் படித்து முடித்ததும் எனக்கு ஒரே ஒரு கேள்விதான் மிஞ்சும். நடவு முடிந்த முப்பதாவது நாள், குருத்துப்பூச்சியின் தாய் அந்து வயலில் முட்டை வைக்கிற அந்த வாரத்தில், விஷம் வேண்டாம் என்று சொன்னவர்கள் என் கையில் வேறு என்ன கொடுப்பார்கள்?

என்னைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்கு இருக்கிற ஒரு பதில் டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணி அட்டை, பூச்சியின் முட்டையை அழிக்கும் குளவியை வயலில் விடுவதற்கானது. மூன்று சம்பாப் பருவம் தொடர்ந்து கட்டிப் பார்த்துவிட்டேன். அதைப் பற்றி உள்ளபடி எழுதுகிறேன், அப்புறம் அதையே அளவுகோலாக வைத்துப் பசுமைக் கொள்கைகளையும் கொஞ்சம் எடைபோட்டுப் பார்க்கலாம்.

முதலில் என் நிலம். மன்னார்குடிப் பக்கம் ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர். அதில் ஐந்து மா சொந்தம், நான்கு மா கோயில் நிலக் குத்தகை. களிமண். குறுவை எல்லா வருடமும் கிடையாது, மேட்டூரில் தண்ணீர் இருந்தால்தான். சம்பா உறுதி. பெரும்பாலும் பி.பி.டி. என்ற ரகம், இரண்டு மாவில் வீட்டுச் சாப்பாட்டுக்குத் தூயமல்லி என்ற மரபு நெல். பி.பி.டி. போட்டவர்களுக்குத் தெரியும், வருகிற பூச்சியெல்லாம் முதலில் அதில்தான் வந்து உட்காரும்.

அட்டை என்பது உண்மையிலேயே ஒரு கெட்டி அட்டைதான். அதன்மேல் பசை தடவி முட்டைகளைத் தூவி ஒட்டியிருப்பார்கள். பார்க்கக் கறுப்புக் கசகசா மாதிரி இருக்கும். அவை அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகள், கம்பு நொய்யில் வளர்த்து எடுப்பது. அந்த முட்டைக்குள் டிரைக்கோகிரம்மா என்ற குளவி தன் முட்டையை வைத்துவிடும், அதனால்தான் வெள்ளையாக இருந்தது கறுத்துப்போகிறது. குளவி என்றதும் கொட்டுமோ என்று பயப்பட வேண்டாம், ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, மூக்கருகே பறந்தாலும் தெரியாது. வயலில் கட்டினால் அது வெளியே வந்து குருத்துப்பூச்சி இலை நுனியில் வைத்திருக்கும் முட்டைக் குவியலைத் தேடிப் போய், அதற்குள் தன் முட்டையை வைக்கும். புழு பொரிந்து தண்டுக்குள் நுழைந்துவிட்டால் எந்த மருந்தும் சரியாகப் போய்ச் சேராது, இது அதற்கு முந்தைய கட்டத்திலேயே கதையை முடித்துவிடுகிறது. எனக்கு இதில் பிடித்ததே அந்த இடம்தான்.

அளவு ஏக்கருக்கு இரண்டு சி.சி. (கன சென்டிமீட்டர், முட்டையை இப்படித்தான் அளக்கிறார்கள்). ஒரு சி.சி.யில் ஏறக்குறைய 20,000 முட்டை. குருத்துப்பூச்சிக்கு ஜப்பானிக்கம் என்ற வகை, நட்ட 30, 37, 44ஆம் நாள்களில் மூன்று தடவை. இலைச்சுருட்டுப்புழுவுக்குக் கைலோனிஸ் என்ற வகை, 37, 44, 51ஆம் நாள்களில். நான் கட்டிய கணக்கு இதுதான். என் மூன்று ஏக்கருக்குக் குருத்துப்பூச்சி அட்டை மட்டும் பதினெட்டு சி.சி., சி.சி. எண்பது ரூபாய் என்று வாங்கினேன், ஆக 1,440 ரூபாய். மருந்தடித்தால் மருந்தும் ஆள் கூலியும் சேர்த்து ஏக்கருக்கு ஒரு தடவைக்கே ஆயிரத்தைத் தாண்டுகிறது, அதுவும் ஒரு தடவையோடு நிற்பதில்லை. விலையில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

கட்டுவதும் எளிது. அட்டையைச் சின்னச் சின்னத் துண்டாகக் கத்தரித்து, வயலில் பரவலாகக் குச்சி நட்டு, முட்டை இருக்கும் பக்கம் கீழே பார்க்கும்படி நூலில் கட்டித் தொங்கவிட வேண்டும். மேலே பார்த்தால் மழை அடித்துக்கொண்டு போய்விடும், ஐப்பசி அடைமழையில் ஒரு தடவை எனக்கு அப்படித்தான் போயிற்று. எறும்பும் மோப்பம் பிடித்து வந்துவிடும், அதனால் குச்சியின் அடியில் கொஞ்சம் கிரீஸ் தடவுகிறேன். காலை வெயில் ஏறுவதற்குள் அல்லது சாயங்காலம்தான் கட்ட வேண்டும். என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து கட்டிவிடுவாள். முகமூடி வேண்டாம், கை கழுவ சோப்பு வேண்டாம், டேங்க்கைத் தூக்கி முதுகு வலி வேண்டாம். மருந்தடித்துவிட்டு வந்து ராத்திரி முழுக்கத் தலைவலி என்று படுத்துக் கிடந்த அப்பாவைப் பார்த்து வளர்ந்தவன் நான், அதனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை கையில் கொடுக்கக்கூடிய ஒரு பூச்சி மேலாண்மை என்பது எனக்குச் சாதாரணமாகத் தெரியவில்லை.

சரி, பலன். முதல் வருடம் வெண்கதிர், அதாவது குருத்துப்பூச்சி தாக்கி மணி பிடிக்காமல் வெளுத்த கதிர், நன்றாகவே குறைந்தது. கணக்குக்காகச் சதுர மீட்டர் சட்டம் ஒன்று மூங்கிலில் செய்து வைத்திருக்கிறேன், அதை வயலில் பத்து இடத்தில் போட்டு எண்ணுவேன். சதுர மீட்டருக்கு இரண்டு முட்டைக் குவியல், இல்லாவிட்டால் நூற்றுக்குப் பத்து குருத்து காய்ந்திருந்தால்தான் மருந்தைப் பற்றியே யோசிக்க வேண்டும் என்பது சேத நிலைக் கணக்கு, பூக்கும் பருவத்தில் நூற்றுக்கு இரண்டு வெண்கதிர். அந்த வருடம் மூன்றுமே எல்லைக்குள் இருந்தன, ஒரு டேங்க் மருந்துகூட இறக்கவில்லை.

இரண்டாம் வருடம்தான் சோதனை. அட்டையை வெளியூரிலிருந்து பஸ் பார்சலில் வரவழைத்தேன். ஒரு நாள் தாமதம், அதுவும் பஸ்ஸின் வயிற்றுக்குள் இன்ஜின் சூட்டில். கவரைப் பிரித்தபோதே குளவியெல்லாம் வெளியே வந்து உள்ளேயே செத்துக் கிடந்தது, அட்டையில் ஓட்டை விழுந்த கூடு மட்டும்தான் மிச்சம். விற்றவரிடம் கேட்டால் பார்சல் கொடுத்ததோடு தன் பொறுப்பு முடிந்தது என்றார். அடுத்த அட்டை வந்து சேர எட்டு நாள். குருத்துப்பூச்சி அந்த எட்டு நாள் காத்திருக்குமா? முதல் கட்டு தவறிய இடத்தில் குருத்து காய ஆரம்பித்துவிட்டது. மூன்று மாவில் எல்லையைத் தாண்டிவிட்டதால் ஒரு தடவை மருந்தடித்தேன். மனசு கேட்கவில்லைதான், ஆனால் குத்தகை நெல் அளக்க வேண்டுமே.

இன்னொன்றும் நடந்தது. பக்கத்து வயல் மாமா அதே வாரம் மருந்தடிக்கக் கிளம்பினார். ஒட்டுண்ணி கட்டியிருக்கும்போது முன்னும் பின்னும் ஒரு வாரமாவது அக்கம்பக்கத்தில் மருந்து படக்கூடாது. “மாமா, ஒரு வாரம் பொறுங்க, அட்டை கட்டியிருக்கேன்” என்றேன். “நான் பொறுப்பேன்டா தம்பி, பூச்சி பொறுக்குமா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கையில் அன்றைக்கு இருந்தது அந்த மருந்து பாட்டில் ஒன்றுதான், உரக்கடையில் கடனுக்குக் கிடைத்தது, நடந்து போகும் தூரத்தில் கிடைத்தது. என் அட்டை 120 கிலோமீட்டர் தாண்டி வர வேண்டியிருந்தது.

அட்டைக்கு நான் ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். அது கிடைக்கும் விதத்துக்கு ஒன்றுக்கு மேல் தர முடியாது.

மற்ற சாமான்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், யாராவது வாங்க யோசித்துக்கொண்டிருக்கலாம். பெண் அந்தின் வாசனையைக் காட்டி ஆண் அந்தை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி நல்ல வேவுக்காரன், ஏக்கருக்கு ஐந்து வைத்தால் அந்து வருகிற நாள் தெரிந்துவிடும், அட்டை கட்டும் நாளை அதை வைத்தே நான் முன்னே பின்னே நகர்த்துகிறேன். ஆனால் உள்ளே வைக்கும் குப்பியில் எந்தப் பூச்சிக்கானது என்று எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். ஒரு கடையில் எனக்குப் பருத்திக் காய்ப்புழுவுக்கான குப்பியைக் கொடுத்துவிட்டார்கள், பதினைந்து நாள் பொறி காலியாகக் கிடந்தது, நானும் பூச்சியே இல்லை என்று நிம்மதியாக இருந்தேன். சூரிய விளக்குப் பொறி விலை அதிகம், நன்மை செய்யும் வண்டுகளும் அதில் வந்து விழும், முன்னிரவில் சில மணி நேரம் எரிந்து தானாக அணைகிற மாதிரி இருந்தால் மட்டும் வாங்கலாம். தனி ஆள் வாங்குவதைவிட நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்குவது நல்லது. பறவை உட்காரக் குச்சி நடுவதற்குக் காசே இல்லை, இரட்டைவால் குருவி வந்து உட்கார்ந்துவிட்டால் அது பாட்டுக்கு வேலை பார்க்கும், பால் பிடிக்கும்போது மட்டும் குச்சியைப் பிடுங்கிவிடுங்கள். நாற்று நடும்போது நுனியைக் கிள்ளி நட்டால் அதில் இருக்கும் முட்டைக் குவியல் நாற்றங்காலோடு போய்விடும், இதை நடவு ஆட்கள் முனகிக்கொண்டேதான் செய்வார்கள், இரண்டு டீ கூடுதலாக வாங்கிக் கொடுக்க வேண்டும்.

எலிக்குத் தஞ்சாவூர் கிட்டி என்ற பொறிதான், அதற்கு மிஞ்சி நான் எதையும் பார்க்கவில்லை. மூங்கிலும் கயிறும் மட்டும்தான். கிட்டி வைக்க வருகிறவர் சாயங்காலம் வரப்போரம் நடந்து எலி ஓடும் தடத்தைப் பார்த்தே எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார். பிடித்த எலிக்குக் கணக்குப் போட்டுக் கூலி. ஆனால் அந்தக் கைவேலை தெரிந்தவர்கள் எங்கள் சுற்று வட்டாரத்தில் இப்போது இரண்டு பேர்தான், இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையைத் தமிழ்நாடு அரசு தடைசெய்ய முன்வந்ததை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன், அதைச் சாப்பிட்டவரைக் காப்பாற்ற முறிமருந்தே கிடையாது, எங்கள் தெருவிலேயே ஒரு வீடு அதனால் இருண்டு கிடக்கிறது. அதே கையோடு கிட்டி வைக்கிறவருக்கு ஒரு சம்பளம், இளைஞர் நாலு பேருக்கு அவரிடம் பயிற்சி என்று ஒரு வரி போட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

கொள்கைகளில் எனக்கு இருக்கும் மனக்குறையும் அதுதான். தடை என்ற பாதி வந்துவிடுகிறது, மாற்று என்ற பாதி வருவதில்லை.

தமிழ்நாட்டில் மோனோகுரோட்டோபாஸ், புரொபெனோபாஸ், அசிபேட், குளோர்பைரிபாஸ், அப்புறம் இரண்டு கலவை மருந்துகள் என்று ஆறு பூச்சிக்கொல்லிகளுக்குத் தடை போட்டார்கள். எத்தனை நாளைக்கு? 60 நாள். இதற்கு மாநில அரசை மட்டும் குறை சொல்ல முடியாது. 1968ஆம் வருடத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டம் மாநிலத்துக்குக் கொடுத்திருக்கும் அதிகாரமே அவ்வளவுதான், மிஞ்சினால் இன்னொரு 30 நாள் நீட்டலாம், நிரந்தரத் தடை மத்திய அரசு கையில். எண்டோசல்பான் காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களைச் சுற்றி இருந்த குடும்பங்களை என்ன பாடு படுத்தியது என்று தெரிந்த பிறகும், 2011இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் அதை நிறுத்த வேண்டியிருந்தது. ஆக, “ஆட்சிக்கு வந்தால் நச்சு மருந்தைத் தடை செய்வோம்” என்று ஒரு மாநிலக் கட்சி எழுதினால், அந்த 60 நாள் முடிந்த மறுநாள் என்ன என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அது முழு வாக்குறுதி. என் சம்பா 135, 140 நாள். அறுபது நாள் தடை அதில் பாதிக்குக்கூட வராது.

தனி வேளாண் நிதிநிலை அறிக்கை வந்ததை நான் உண்மையிலேயே வரவேற்றேன். பசுமைத் தாயகம் என்று சுற்றுச்சூழலுக்கே ஓர் அமைப்பு வைத்திருக்கும் பாட்டாளி மக்கள் கட்சி 2008 முதல் வேளாண்மைக்கு நிழல் நிதிநிலை அறிக்கை வெளியிட்டுவந்தது. தி.மு.க. 2021 தேர்தல் அறிக்கையில் தனி அறிக்கை வாக்குறுதி கொடுத்து, அந்த வருடம் ஆகஸ்ட் 14 அன்று சட்டமன்றத்தில் முதல் அறிக்கையையும் வைத்தது. பழைய விதைகளை மீட்ட நெல் ஜெயராமன் பெயரில் மரபு நெல் பாதுகாப்பு இயக்கம் அதிலேயே வந்தது, ஆதிரெங்கத்து நெல் திருவிழாவுக்குப் போய் விதை வாங்கிவந்த ஆள் என்ற முறையில் அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. 2023 மார்ச்சில் உயிர்ம வேளாண்மைக் கொள்கை வந்தது. யார் முதலில் சொன்னார்கள், யார் செய்தார்கள் என்ற சண்டை எனக்கு வேண்டாம், நடந்தது நல்லது.

ஆனால் வயலில் நின்று பார்த்தால் இரண்டு இடத்தில் இடிக்கிறது. ஒன்று, சான்றிதழ். உயிர்மச் சான்று வாங்க நெல் மாதிரிப் பயிருக்கு இரண்டு வருடம் மாறுகாலம். அந்த இரண்டு வருடமும் மகசூல் கொஞ்சம் இறங்கும், விலையோ சாதாரண நெல் விலைதான், கொள்முதல் நிலையத்தில் மருந்தில்லா நெல்லும் ரசாயன நெல்லும் ஒரே தராசில்தான் ஏறும். அந்த இரண்டு வருடப் பள்ளத்தை யார் நிரப்புவது? இன்னொன்று, குத்தகை. எந்த மானியத்துக்குப் போனாலும் சிட்டா, அடங்கல் என்ற நில ஆவணங்களைக் கேட்பார்கள். என் ஐந்து மாவுக்கு இருக்கிறது, நான்கு மாவுக்கு அலைய வேண்டும். டெல்டாவில் கோயில் நிலமும் மடத்து நிலமும் எவ்வளவு என்பது எல்லாருக்கும் தெரியும். வரப்புக்கு இந்தப் பக்கம் பசுமை, அந்தப் பக்கம் பழைய மருந்து என்றால் என் குளவி வரப்பைப் பார்த்தா பறக்கப்போகிறது?

தடையும் மாற்றும் சேர்ந்து வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தோனேசியாவை எனக்கு எத்தனை தடவை சொன்னாலும் அலுக்காது. 1985, 86இல் ஜாவா தீவில் புகையான் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி வந்து நெல்லைக் கருக்கிவிட்டது. காரணம் மருந்துக் குறைவு இல்லை, மருந்து மிகுதி. அரசு மானியத்தில் கொட்டிக் கொடுத்த மருந்து சிலந்தியையும் நாவாய்ப்பூச்சியையும் முதலில் கொன்றுவிட்டது, புகையானைத் தின்ன ஆள் இல்லாமல் போயிற்று. நம் ஊரிலும் பைரித்ராய்டு மருந்து அடித்த வயலில்தான் புகையான் வட்டம் வட்டமாகத் தீய்ந்து தெரியும், பார்த்தவர்களுக்குத் தெரியும். 1986இல் அந்த நாட்டு அதிபர் ஆணை போட்டு, நெல்லில் 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தார். மூன்று வருடத்துக்குள் மானியமும் படிப்படியாகப் போயிற்று. அதோடு நிறுத்தவில்லை. வயலையே பள்ளிக்கூடமாக்கி, விவசாயிகளை உட்காரவைத்து, எது தின்கிற பூச்சி, எது காக்கிற பூச்சி என்று எண்ணக் கற்றுக்கொடுத்தார்கள். மருந்து குறைந்தது, நெல் குறையவில்லை. நான் எட்டடிக்கு ஓரடி வெற்று இடைவெளி விட்டு நடுவதும், புகையான் எட்டிப் பார்த்தால் முதலில் தண்ணீரை வடிப்பதும், தூருக்கு எத்தனை சிலந்தி என்று குனிந்து பார்ப்பதும் அதே பாடம்தான். அட்டை புகையானுக்கு உதவாது, அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

இதற்கு நேர் எதிர் இலங்கை. 2021 மே மாதம் ஒரு வர்த்தமானி (அரசிதழ்) அறிவித்தல், ரசாயன உரமும் பூச்சி மருந்தும் இனி இறக்குமதி இல்லை. நோக்கத்தைக் குறை சொல்லவில்லை, இயற்கை விவசாயத்தை விரும்புகிற எவனும் காது கொடுத்துக் கேட்கிற பேச்சுதான். ஆனால் பெரும்போகம் என்ற அந்த முக்கிய நெல் பருவத்துக்கு மாற்று உரம் எங்கே, ஒட்டுண்ணி எங்கே, சொல்லிக்கொடுக்க ஆள் எங்கே? சீனாவிலிருந்து வந்த உயிர்ம உரக் கப்பல் கிருமி இருக்கிறது என்று கரைக்கு வராமலே நின்றது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் நம் ஆட்கள் வெளுத்த பயிரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள், ஆனால் விதைப்பு நேரம் போனது போனதுதான். மறு வருடம் தமிழ்நாட்டிலிருந்து அரிசி கப்பலேறிப் போக வேண்டியிருந்தது. அதைவிட எனக்கு வலிக்கிற விஷயம் ஒன்று உண்டு. இன்றைக்கும் யாரிடமாவது இயற்கை விவசாயம் என்று வாயெடுத்தால், “இலங்கையில் என்ன ஆச்சு பார்த்தியா” என்று முடித்துவிடுகிறார்கள்.

ஐரோப்பாவில் பசுமைக் கட்சி என்றே பெயர் வைத்துக்கொண்டு ஆட்சியில் பங்கு வாங்கியவர்களும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுந்தார்கள். 2030க்குள் பூச்சிமருந்தைப் பாதியாக்க வேண்டும் என்ற சட்ட வரைவை ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் முன்னெடுத்துச் சென்றவர் ஒரு பசுமைக் கட்சி உறுப்பினர். 2023 நவம்பரில் அது தோற்றது, அடுத்த பிப்ரவரியில் வரைவையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள், அதற்குள் டிராக்டர்கள் சாலையில் இறங்கிவிட்டன. அங்கே இருக்கிறவன் நூறு ஏக்கர்க்காரன், என் கதை வேறு. ஆனாலும் பாதியைக் குறை என்றால் அந்தப் பாதிக்குப் பதில் என்ன என்ற கேள்வி அவனுக்கும் எனக்கும் ஒன்றுதான்.

பூச்சியோடு முடிவதில்லை. மைத்துனர் சத்தியமங்கலம் பக்கம் நிலக்கடலை போடுகிறார், அவருக்குப் பன்றிதான் பிரச்சினை. 2025 ஜனவரியில் வந்த அரசு விதிப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக்கூடாது, ஒன்றிலிருந்து மூன்றுக்குள் பிடித்துக் காட்டில் விடலாம், மூன்றைத் தாண்டினால் வனத்துறை சுடலாம். காட்டோரத்தில் சிறுத்தையும் புலியும் தின்ன வேண்டிய இரை அது, அதனால் தூரம் வைத்துப் பிரித்தது எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆனால் மைத்துனர் வயல் காட்டிலிருந்து எழுநூறு மீட்டர். அவருக்கு அந்த விதி சொல்வது, நஷ்டஈட்டுக்கு மனுப்போடு என்பதைத்தான். மனு எத்தனை நாளில் காசாகிறது என்பதுதான் அவர் வீட்டில் அந்தக் கொள்கைக்குக் கிடைக்கும் மதிப்பெண். கேரளத்தில் 2022இல் பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களிடமே கொடுத்தார்கள். நம் விதியிலும் ஊராட்சிக்கு ஒரு பேச்சு இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

அரசால் முடியாது என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். முடிந்திருக்கிறது, நம் கண்முன்னால் முடிந்திருக்கிறது. 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது நினைவிருக்கிறதா? பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, கொய்யா என்று வெள்ளை மாவு பூசிய மாதிரி எல்லாவற்றையும் உறிஞ்சியது. மருந்து அடித்து அடித்துப் பார்த்தார்கள், அந்த மாவுக்குள் மருந்து இறங்கவே இல்லை. பட்டுப்புழு வளர்க்கிறவர்கள் மருந்தே அடிக்க முடியாது, மல்பெரி இலையில் மருந்து பட்டால் புழு செத்துவிடும். 2010இல் பெங்களூரில் இருக்கும் பூச்சி ஆராய்ச்சி நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்தது. வேளாண் பல்கலைக்கழகமும் சேர்ந்து பெருக்கி, விவசாயிகளுக்கே கொடுத்தார்கள். கொஞ்ச காலத்தில் மாவுப்பூச்சி அடங்கியது. மரவள்ளிக்கு வேறொரு மாவுப்பூச்சி வந்தபோதும் அதே வழி, ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து குளவியை வரவழைத்து 2022இல் சேலம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். கடல் கடந்து குளவி வந்து சேர்ந்த நாட்டில், எனக்கு வேண்டிய அட்டை மன்னார்குடிக்கு வந்து சேர ஒரு நாள் பிந்துகிறது. சர்க்கரை ஆலைகள் கரும்புக்காகத் தங்கள் ஆய்வகத்திலேயே ஒட்டுண்ணி வளர்த்துக் கொடுக்கின்றன. ஆடுதுறையில் நெல்லுக்கென்றே 1922 முதல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, நீடாமங்கலத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. கட்டடம் இருக்கிறது, படித்தவர்கள் இருக்கிறார்கள். இருக்கிற ஒவ்வொரு வேளாண் விரிவாக்க மையத்திலும் ஒரு குளிர்பெட்டி, சம்பா நடவு நாளைக் கணக்குப் பார்த்து அட்டை உற்பத்தி, மகளிர் குழுக்களுக்கு அந்த வேலை. இதை ஒரு கட்சி எழுதட்டும், நான் கொடி பிடிக்கிறேன்.

மூன்றாம் வருடம் நானே கொஞ்சம் மாற்றிச் செய்தேன். பஸ் பார்சலை நம்பாமல் அதிகாலை கிளம்பித் தெர்மோகோல் பெட்டியில் ஈரத்துணி சுற்றி நானே போய் எடுத்துவந்தேன். பக்கத்து வயல் மாமாவுக்கும் சேர்த்து இரண்டு ஏக்கருக்கு என் காசிலேயே வாங்கிக் கட்டிவிட்டேன், அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. இலைச்சுருட்டுக்கு இரண்டு பேருமே ஐந்து கிலோ வேப்பங்கொட்டையை இடித்து நூறு லிட்டருக்குக் கரைத்து அடித்தோம். அவர் வயலில் அந்த வருடம் மருந்து பாட்டில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. இந்த வருடம் நாற்றங்கால் விடும்போதே அவரே வந்து, “அட்டைக்கு எப்ப போறடா தம்பி, எனக்கு எத்தனை சி.சி. வேணும்?” என்று கேட்டார்.

வாங்க நினைப்பவர்களுக்குக் கடைசியாக. தயாரித்த தேதியும் குளவி வெளிவரும் தேதியும் அட்டையில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், எழுதாத அட்டையை வாங்க வேண்டாம். முட்டை கறுத்திருக்க வேண்டும், வெளிறிக் கிடந்தால் உள்ளே குளவி இல்லை. உடனே கட்ட முடியாவிட்டால் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் சில நாள் வைக்கலாம், உறைபெட்டியில் வைத்துவிடாதீர்கள். நெல்லுக்கு ஜப்பானிக்கமா கைலோனிஸா என்று கேட்டு வாங்குங்கள், கரும்புக்கான அட்டையையே நெல்லுக்கும் போதும் என்று கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். நடவு நாளைக் காலண்டரில் குறித்துவிட்டு, இருபதாவது நாளே அட்டைக்குச் சொல்லிவிடுங்கள்.